இரண்டு வாசல்கள்

பேருந்துப் பலகைகளில் இன்று பெண்ணாடம் என்று எழுதப்படும் ஊரின் பழம்பெயர் பெண்ணாகடம். பூக்கொய்ய வந்த தேவமகளிர் இங்குள்ள இறைவனைக் கண்டு திரும்பாமல் தங்கிவிட்டனர். அவர்களைத் தேடி வந்த காமதேனுவும் திரும்பவில்லை. அதன்பின் வந்த வெள்ளை யானையும் திரும்பவில்லை. பெண், ஆ, கடம் என்னும் மூன்றும் சேர்ந்து ஊர்ப்பெயராயிற்று என்பது தலபுராணம் கூறும் விளக்கம். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஒப்புவார்களா என்பது வேறு செய்தி. பெண்ணுக்கும் பசுவுக்கும் யானைக்கும் ஓர் ஊரின் பெயரில் சமபங்கு கொடுத்த அந்தக் கற்பனை நமக்குப் பிடித்திருக்கிறது. கோயிலின் விமானம் படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருப்பதால் தேவாரம் இதனைத் தூங்கானை மாடம் என்றே அழைக்கிறது. இங்குள்ள நந்தியோ இறைவனை நோக்கியிராமல் கிழக்கே முகம் திருப்பியிருக்கும். ஊழிவெள்ளத்தைத் தடுத்து நிறுத்துமாறு அதற்கு ஆணை பிறந்ததாம். ஊரைக் காக்கும் பொறுப்பு ஒரு மாட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

திருநாவுக்கரசர் இத்தலத்துக்கு வந்தபோது, சமண சமயத்தில் பழகிய தம் உடம்பில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கப்பட வேண்டுமென்று விண்ணப்பித்தார் என்பதும், அவ்வாறே அவருடைய தோளில் பொறிக்கப்பட்டது என்பதும் பெரியபுராணச் செய்தி. மாட்டுக்குச் சூடு போட்டு உடையவன் தன் குறியை இடுவது நாட்டு வழக்கம். இங்கே ஒரு மனிதர் மாட்டின் குறியைத் தம்மேல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் விட்டு வந்த சமணப் பள்ளி பாடலிபுரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. கி.பி. 458இல் சர்வநந்தி என்னும் முனிவர் லோகவிபாகம் என்ற நூலை முடித்த இடமும் அதுவே என்பர் ஆய்வாளர். கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட அந்தச் சமயத்தைச் சைவம் வாதில் வென்றது. வென்றபின் புலால் மறுத்தலைத் தன்னுடைய சொத்தாகவே ஆக்கிக்கொண்டது. இன்று தமிழ்நாட்டில் எந்த உணவகப் பலகையிலும் 'சைவம்' என்ற சொல்லுக்குச் சிவபெருமானோடு தொடர்பு ஏதும் இல்லை. தோற்றவருடைய கொள்கை வென்றவருடைய பெயரில் வாழ்கிறது.

இவற்றை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வள்ளலாரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "எங்கள் வீட்டில் ஆட்டை விற்றுத்தான் ஐயா எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். சீவகாருண்யம் என்பது விற்பதற்கு வேறு ஏதாவது வைத்திருப்பவர்களுடைய அறம்தானே?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, அதனால்தான் விடை சொல்லக் கடினமாக இருந்தது. அன்று நாம் ஏதோ சமாளித்துவிட்டு மணி அடித்ததும் வெளியேறினோம். இக்கட்டுரை அந்த மாணவருக்குக் காலந்தாழ்ந்து எழுதும் விடை என்று கொள்ளலாம்; முழுமையான விடை என்று கொள்ளவேண்டியதில்லை.

வாயில்லா உயிர்களுக்காகவே ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுப்பது என்பது நம் மரபில் எங்கே தொடங்குகிறது? திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம்; கொல்லாமை 33ஆம் அதிகாரம். இவ்விரண்டும் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளன. வள்ளுவர் இவற்றை இல்லறத்தானுக்கு விலக்கினார் என்பதன்று நம் கருத்து. ஆயினும் வரிசை ஒன்றைச் சொல்கிறது: மனைவி மக்களோடும் ஏர் மாடுகளோடும் வாழ்பவனிடம் முதலில் விருந்தோம்பலைக் கேட்ட நூல், கொல்லாமையைத் துறந்தவனிடம் கேட்கிறது. சமண முனிவரும் அப்படித்தான். மயிற்பீலியால் தரையைத் தடவி எறும்பைக் காப்பவர் அடுப்பு மூட்டுவதில்லை. அவருக்கான அடுப்பை வேறொருவர் மூட்டுகிறார்.

அடுப்பையே அறத்தின் நடுவில் வைத்தவர் நம் மாவட்டத்துக்காரர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் பிறந்த இராமலிங்கர், இளமையைச் சென்னையில் கழித்துவிட்டு, 1858ஐ ஒட்டித் தென்திசை வந்து, கருங்குழியில் தங்கினார். 1865இல் சங்கம் கண்டார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் தந்த எண்பது காணி நிலத்தில் எழுந்தது அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதை வாசகர் அறிவர். 1872 ஜனவரி 25இல் சத்திய ஞானசபை திறந்தது. 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்து அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். தருமச்சாலைக்கும் இதற்கும் இடையில் ஏழு ஆண்டுகள்கூட இல்லை.

அவருடைய உரைநடை நூல்களில் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று 1854இல் வந்த மனுமுறை கண்ட வாசகம். கன்றை இழந்த பசு திருவாரூர் அரண்மனையின் ஆராய்ச்சி மணியை அசைக்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. முப்பது வயதளவில் இருந்த ஒருவர், தாம் எழுதும் உரைநடைக்கு இக்கதையைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. பசு இக்கதையில் இரக்கத்துக்காகக் காத்து நிற்கவில்லை. வழக்குத் தொடுக்கிறது. மன்னனும் பிச்சை போடுவதில்லை, தீர்ப்புச் சொல்கிறான். இந்த வேறுபாட்டைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

மற்றொன்று ஜீவகாருண்ய ஒழுக்கம். இதன் வாதம் எளிமையானது, ஆனால் பிடிவாதமானது. உயிர்கள் படும் துன்பங்களில் தலையாயது பசி. ஆகவே பசி நீக்குதலே சீவகாருண்யத்தின் முதல் கடமை. வீட்டில் வளரும் பசு, எருது, ஆடு, குதிரை முதலியவற்றின் பசியும் அக்கணக்கில் சேரும். ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியை ஆற்றுவது சீவகாருண்யம் ஆகாது. இதைச் சொல்லும் அவர், காட்டுக்குப் போ என்று எவரையும் சொல்லவில்லை. குடும்பத்தோடு இருப்பவரைத்தான் விளித்துப் பேசுகிறார். துறவறவியலில் இருந்த அதிகாரம் இல்லறவியலுக்கு இடம்பெயர்ந்தது இங்கேதான் என்பது நம் துணிபு.

வடலூருக்குச் சென்றவர்கள் இரண்டு வாசல்களைப் பார்த்திருப்பார்கள். ஞானசபையின் வாசலில், கொலையும் புலையும் தவிர்த்தவர்களே உள்ளே வரவேண்டும் என்ற அறிவிப்பு உண்டு. தருமச்சாலையின் வாசலில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று வள்ளலார் வகுத்தார். ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறு போடவேண்டும் என்றார். ஒரே மனிதர் ஒரே வெளியில் ஐந்தாண்டு இடைவெளியில் கட்டிய இரண்டு கட்டடங்கள் இவை. முதலில் கட்டியது சாலை. திறந்த வாசலைக் கட்டிய பிறகே அவர் மூடிய வாசலைக் கட்டினார். இந்த வரிசை தற்செயல் என்று சொல்வோர் சொல்லட்டும். நமக்கு அப்படித் தோன்றவில்லை.

இனிச் சற்றுக் கடல் கடக்க வேண்டும். மருதூரில் அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன், 1822இல், ரிச்சர்ட் மார்ட்டின் என்னும் அயர்லாந்துக்காரர் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கால்நடைகளை வதைப்பதற்கு எதிரான சட்டமொன்றை நிறைவேற்றினார். அவர் பிறந்து ஓராண்டு கழித்து, 1824இல், லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கிய ஆர்தர் புரூம் ஒரு பாதிரியார். இப்பணிக்காகத் தம் திருச்சபைப் பதவியை விட்டவர். சங்கத்துக்குச் சேர்ந்த கடனுக்காக 1826இல் சிறைக்குப் போனார். இன்று அரச அடைமொழியோடு விளங்கும் அச்சங்கத்தின் வரலாற்றில் அந்தச் சிறைவாசம் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கல்கத்தாவில் ஓவியர் கோல்ஸ்வர்த்தி கிராண்ட் 1861இல் அதே வகைச் சங்கத்தை நிறுவினார். சென்னையில் 1877இல் ஒன்று எழுந்தது. 1890இல் ஆங்கில அரசு இந்தியாவுக்கென ஒரு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. ஆனால் மாகாண அரசு எந்தப் பகுதிக்கு நீட்டிக்கிறதோ அங்கே மட்டும் அது செல்லும். பெண்ணாடத்து வண்டிமாட்டுக்கு அப்படியொரு சட்டம் இருந்ததாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வடலூரின் அருள்நெறியும் இந்த மேலைச் சட்டநெறியும் எங்காவது சந்தித்தனவா? விந்தையான ஒரு நூலிழை உண்டு. திருவருட்பாவின் முதற் பகுதிகளை 1867இல் பதிப்பித்த தொழுவூர் வேலாயுத முதலியார், பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். அவர் 1882இல் பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். உருசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சிலர் வந்து உலக சகோதரத்துவத்தைப் போதிப்பர் என்று தம் ஆசிரியர் முன்னரே கூறியிருந்தார் என்பது அதன் சாரம். பிளாவட்ஸ்கி அம்மையார் உருசியர், ஆல்காட் அமெரிக்கர். அவ்வாண்டு இறுதியில்தான் அவர்கள் அடையாற்றில் குடியேறினார்கள். எட்டாண்டுகள் கழித்து மாணவர் ஒருவர் நினைவிலிருந்து எழுதியதை, அதுவும் கேட்பவர் விரும்பிய வண்ணம் அமைந்ததை, வரலாற்றுச் சான்றாக எடைபோட நாம் தயங்குகிறோம். எனினும் வடலூரின் முதல் மாணாக்கர் அடையாற்றின் வாசலில் நின்றார் என்பதில் ஐயமில்லை. அந்த அடையாற்றிலிருந்துதான் அடுத்தவர் வருகிறார்.

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு அடையாற்றில் வீடு கட்டினார். 1920இல் பதினாறு வயதில் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னையின் பிராமண சமூகம் கொதித்தது. 1935இல் மேடையேறிச் சதிராடியபோது மறுபடியும் கொதித்தது. 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரத்தைப் பற்றியும், மரபாகச் சதிராடிய குடும்பத்துப் பெண்களுக்கு அதனால் நேர்ந்ததைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுள்ளன, இனியும் எழுதப்படும். ஆடற்கலைதான் அவருடைய பணி, விலங்குகள் ஓய்வுநேர ஈடுபாடு என்பதுபோல் அக்கட்டுரைகள் ஒரு பத்தியில் தாண்டிச் செல்கின்றன. நாம் அப்படி எண்ணவில்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றபோது, பத்தாண்டு உறுப்பினராக இருந்த அவர் நாட்டியத்துக்காகக் கேட்டிருக்கக் கூடியவை பல. அவர் 1953இல் கொண்டுவந்தது மிருகவதைத் தடுப்புக்கான ஒரு தனிநபர் மசோதா.

தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் பேசி முடித்துக் கிடப்பில் போடப்படுபவை. இதற்கு வேறு விதி வாய்த்தது. 1954இல் அவையில் இது விவாதத்துக்கு வந்தபோது பிரதமர் நேருவே எழுந்து பேசினார். மசோதாவின் நோக்கத்தை ஏற்பதாகவும், அரசே இதை ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும் என்றும் உறுதி கூறினார். ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு அமைந்தது. குழு என்றதும் வாசகருக்கு வரும் புன்னகை நமக்கும் வருகிறது. ஆனால் இவர் விடவில்லை. வண்டிமாடுகள், கசாப்புக் கூடங்கள், ஆய்வுக்கூடங்கள் என்று பேசிக்கொண்டேயிருந்தார். அக்காலத்தில் போலியோ தடுப்பு மருந்துக்காக வட இந்தியக் குரங்குகள் கப்பலிலும் விமானத்திலும் மேலைநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் வண்டிக்குள் மூச்சுமுட்டி இறந்தன. உலகக் குழந்தைகளை முடக்குவாதத்திலிருந்து காக்கும் மருந்து ஒரு தட்டில், இந்தக் குரங்குகள் மறு தட்டில். எளிய தராசு அன்று அது. குரங்கு ஏற்றுமதியை மொரார்ஜி தேசாயின் அரசு 1977இல் தடை செய்யத் தீர்மானித்தது. அதே ஆண்டு அதே மொரார்ஜி தேசாய் இவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு அழைத்ததும் இவர் மறுத்ததும் பலர் அறிந்தவை.

சட்டம் 1960 டிசம்பர் 26ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. அதை நாம் இலக்கியப் பனுவலைப் படிப்பதுபோல் ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்த்தோம். சட்ட மொழி வறண்டது என்பார்கள். வறண்ட மொழியிலும் யார் பேசுகிறார் என்பது கேட்கும். மூன்றாம் பிரிவு தண்டனையைப் பேசவில்லை, கடமையைப் பேசுகிறது: ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நல்வாழ்வுக்கு வேண்டியவற்றைச் செய்தாக வேண்டும். பிறகுதான் பதினோராம் பிரிவின் நீண்ட பட்டியல் வருகிறது. அடித்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், நோயுற்றதை வேலை வாங்குதல், திரும்ப இடமில்லாத கூண்டில் அடைத்தல். அவற்றிடையே இதுவும்: போதிய உணவும் நீரும் நிழலும் தராதிருத்தல், பசி தாகத்தால் வருந்தும்படி கைவிடுதல். பசியில் வைத்திருப்பது வதை என்று இந்தியக் குடியரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது. ருக்மிணி தேவி வள்ளலாரைப் படித்து இதைச் சேர்த்தார் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. அப்படிச் சொல்லி மகிழவும் விருப்பமில்லை. தருமச்சாலை வைத்த முதற்கணக்கு அங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

துறவியிடம் கேட்கப்பட்ட அறம் வடலூரில் இல்லறத்தானிடம் வந்தது. 1960இல் அது குடிமகனிடம் வந்தது. ஆராய்ச்சி மணிக்கு மறுபடியும் கயிறு கட்டினார்கள். ஆனால் கயிறு எவ்வளவு குட்டையானது என்பதையும் சொல்லவேண்டும். முதல் குற்றத்துக்குத் தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அரை நூற்றாண்டுக்கு மேலும் அந்தத் தொகை மாறாமல் நின்றது. ஐம்பது ரூபாய் என்பது ஒரு தேநீருக்கும் இரண்டு வடைக்கும் ஆகும் காலத்திலும் அது அப்படியே இருந்தது. பட்டியலிலுள்ள பெரும்பாலான குற்றங்களுக்குக் காவலர் பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாது. அவருடைய மனத்துக்கு மிக அருகில் இருந்த ஆய்வுக்கூட விலங்குகளுக்குக் கிடைத்தது ஒரு மேற்பார்வைக் குழு. அதற்கும் பல்லாண்டு கழித்து, 1998இல் விதிகள் வந்த பிறகே பல் முளைத்தது.

சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் நமக்கு நெருக்கமானது 1965ஆம் ஆண்டின் பாரம் சுமக்கும் விலங்குகள் பற்றிய விதி. நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வண்டியில் பூட்டலாகாது. நாம் சிறுவராயிருந்தபோது கரும்பு வண்டிகள் இப்பக்கத்துச் சாலைகளில் இரவும் பகலும் போகும். ஏற்றத்தில் காளை முன்னங்கால் மடித்து விழுவதும், வண்டிக்காரர் இறங்கித் தாமும் நுகத்தில் தோள் கொடுப்பதும் கண்ட காட்சி. அவருக்கும் அந்த விதி தெரியாது. அவரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று சொல்ல ஆளும் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் 37 பாகையைத் தாண்டாத நாள் நம் பக்கத்தில் எது? அந்த வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றியது சட்டமன்று, டிராக்டர்.

1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. ருக்மிணி தேவி அதன் தலைவரானார். 1986 பிப்ரவரி 24இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். டில்லியில் இல்லாமல் சென்னையில் இயங்கிய மத்திய வாரியங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. 2018இல் திருவான்மியூரிலிருந்து அரியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவ்வளவாக எவரும் முணுமுணுக்கவில்லை.

அதே சென்னையில் இன்னொரு குடும்பம் இப்பணியில் இறங்கியிருந்தது. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. அந்த நாய்க்குட்டிகளிலிருந்து புளூ கிராஸ் வளர்ந்தது; 1964இல் பதிவு பெற்றது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விட்டுவிடுங்கள் என்று அவர்கள் மாநகராட்சியிடம் கேட்கத் தொடங்கியது அவ்வாண்டில். மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996இல். நடுவில் 32 ஆண்டுகள். 2001இல் அதுவே நாடு முழுமைக்குமான விதியாயிற்று. வாழ்நாளைக் கொடுத்தல் என்று நாம் பெரிதாகச் சொல்வது நடைமுறையில் இதுதான்: ஒரே மனுவை முப்பத்திரண்டு ஆண்டு எழுதுவது. நாய்க்கடிக்கு ஊசி போட அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் தாய்க்கு இந்த வரலாறு ஆறுதல் தராது என்பதும் உண்மை. கருத்தடையையும் தடுப்பூசியையும் விதிப்படி செய்யாத ஊர்களில் விதியைக் குறை சொல்வது எளிது. செய்யாதவர்களைக் கேட்பது கடினம்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். இப்பணியைச் செய்தவர்களில் பலர் பிறப்பிலேயே புலால் உண்ணாதவர்கள்; வசதியானவர்கள். விலங்கை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு மனிதரை இழிவாகப் பார்க்கும் நோயும் இதில் கலந்து வருவதுண்டு. வரலாற்றில் அதற்குச் சான்றும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1950இலேயே கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் தமிழக அரசு அதைத் தட்டி எழுப்பிக் காவல்துறையைக் கிராம தேவதைகளின் திருவிழாவுக்கு அனுப்பியது. ஊர் ஊராக மனம் நொந்தார்கள். 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. அய்யனாருக்கு முன் வெட்டப்படும் ஒரு கிடா கண்ணில் பட்டது. நகரத்தில் நாள்தோறும் வெட்டப்படுபவை கண்ணில் படவில்லை. சிறுதெய்வக் கோயில்களில் பலி கண்டு நடுங்கியதை வள்ளலாரும் பாடியிருக்கிறார். ஆனால் அவர் அந்த நடுக்கத்தைத் தம்முடையதாகச் சொன்னார். தாசில்தாரிடம் மனு கொடுக்கவில்லை.

ருக்மிணி தேவியின் சட்டத்தில் 28ஆம் பிரிவு ஒன்று உண்டு. சமய வழக்கம் வேண்டும் முறையில் ஒரு விலங்கைக் கொல்வது இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்கிறது அது. வாழ்நாள் முழுவதும் புலால் தொடாதவர், உலகச் சைவ உணவினர் சங்கத்தின் துணைத்தலைவராக இருந்தவர், தம் உழைப்பில் பிறந்த சட்டத்தில் இப்படியொரு வரி நிற்பதைப் பார்த்தார். அதை அவர் விரும்பியிருக்க முடியாது. ஆயினும் அந்தச் சட்டத்தையும் வாரியத்தையும் உதறிவிட்டுப் போகவில்லை. 24 ஆண்டுகள் அங்கேயே அமர்ந்து வேலை செய்தார். தோல்வி என்று இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூடிய வாசலுக்கு முன்னால் திறந்த வாசலொன்று வேண்டும் என்பதை நாடாளுமன்றம் தன் வழியில் கண்டுகொண்டதாகவே நாம் இதைப் படிக்கிறோம்.

அவர் வளர்த்த வாரியம்தான் சல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம் சென்றது. 2014 மே 7இல் வென்றது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர் கூட்டத்தின்முன் அவ்வெற்றி நிற்கவில்லை. தமிழக அரசின் திருத்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கூறினார்கள். காளையை வளர்ப்பவனுக்கு அதன்மேல் உள்ள அன்பு பொய்யன்று. வாடிவாசலில் அதற்கு நேர்வனவாக முதல் தீர்ப்பு விவரித்தவையும் பொய்யல்ல. மாணவர்களிடம் இரண்டு தீர்ப்புகளையும் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. இலக்கண வகுப்பில் அப்படி நடப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை வடலூருக்குப் போயிருந்தோம். வெள்ளி என்றால் வேப்பூரில் ஆட்டுச் சந்தை. விடியற்காலையில் முடிந்துவிடும். வாங்கியவர்கள் விருத்தாசலம் வழியாகக் கடலூர்ப் பக்கம் வண்டியை ஓட்டுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தருமச்சாலை வாசலுக்கு எதிரே, புளியமர நிழலில், ஒரு சரக்கு வண்டி நின்றது. இரண்டு தட்டு அடைத்து முப்பது ஆடுகளாவது இருக்கும். ஓட்டுநரும் வியாபாரியும் பந்தியில் நமக்கு எதிரே அமர்ந்தார்கள். பரிமாறியவர் அவர்கள் சட்டையிலிருந்து வந்த ஆட்டு வாடையைக் கவனித்திருப்பார். சோற்றை வைத்துவிட்டு, சாம்பார் ஊற்றி, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டார். வியாபாரி தலையசைத்தார். உண்டு முடித்து இலையை எடுத்துப் போட்டுவிட்டு அவர்கள் வெளியே வந்தபோது, சாலையில் வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "கதவைக் கொஞ்சம் திற தம்பி, காலையிலேயிருந்து கத்துது" என்றார். வியாபாரி நேரமாகிறது என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பின்கதவை இறக்கினார். கீழ்த்தட்டு ஆடுகள் குடித்தன. மேல்தட்டுக்குக் குடம் எட்டவில்லை; ஓட்டுநர் சக்கரத்தின் மேல் ஏறி நின்று வாங்கிக் கொடுத்தார். குடம் காலியானதும் முதியவர் இன்னொரு குடம் எடுத்துவர உள்ளே போனார்.